முதுகில் ஒட்டும் பெனியன்

1933ஆம் ஆண்டு ஹென்ரிக் புரூன் என்ற நோர்வே இராணுவ அதிகாரி பழைய மீன்வலையைக் கொண்டு ஒரு பெனியன் செய்தார். அதில் நூலை விட ஓட்டைதான் அதிகம். குளிர்நாட்டில் ஓட்டைப் பெனியனைப் போட்டு என்ன செய்வது என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வலைப் பெனியனை உள்ளே போட்டு, மேலே இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு பனியில் பாடுபட்டவர்களுக்கு முதுகு காய்ந்திருந்தது, உடம்பும் சூடாக இருந்தது. நோர்வேப் படையினர் அதை எடுத்துக்கொண்டார்கள். 1953இல் எவரெஸ்ட் ஏறிய பிரித்தானியக் குழுவின் பொதியிலும் வலைப் பெனியன் இருந்தது. ‘பிரின்யே’ என்ற நோர்வே நிறுவனம் இன்றும் அதே வலைப்பின்னலில் உள்ளுடுப்பு விற்கிறது. பருத்தி நூலுக்குப் பதிலாக மெரினோக் கம்பளியும் செயற்கை இழையும் வந்தது மட்டும்தான் மாற்றம்.

நோர்வேயையும் மீன்வலையையும் சேர்த்துச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் வயதானவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சீநோர். 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் அங்குள்ள நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரில் படகு கட்டும் தளமும் அதன் வழியே வந்தன. அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனவர்கள் சிலர். பிறகு 1980களில் யுத்தம் துரத்திப் போனவர்கள் பலர். வடநோர்வேயின் மீன் பதனிடும் ஆலைகளில், நடுப்பகலிலும் வெயில் எட்டிப் பார்க்காத மாதங்களில், அவர்கள் வேலை செய்தார்கள். உள்ளுக்குள்ளே என்ன போடுவது என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது குளிர்தான்.

இன்று அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஓடுகிறார்கள். சீனி கூடிவிட்டது, கொலஸ்ட்ரோல் ஏறிவிட்டது என்று டொக்டர் சொன்ன பிறகு ஐம்பது வயதில் சப்பாத்துக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பூங்காவிலோ ரூஜ் ஆற்றங்கரையிலோ கோடையில் போனால் அவர்களைக் காணலாம். நவம்பர் பிறந்ததும் பாதிப் பேரைக் காணோம். குளிர் தாங்க முடியவில்லை என்பார்கள். என்ன போட்டுக்கொண்டு ஓடினார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கிறது.

ஊரில் துரையப்பா விளையாட்டரங்கைச் சுற்றி விடியக்காலையில் ஓடுகிறவருக்குப் பருத்தி நல்ல துணை. தை, மாசியில் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டியும் அதற்கு முன்னோடியாக வீதி மரதனும் நடக்கும்போது, பருத்திப் பெனியனோடு ஓடிய பிள்ளைக்கு ஒன்றும் ஆவதில்லை. யாழ்ப்பாணத்தின் சனவரியில் பகலும் இரவும் சேர்ந்த சராசரி 25 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். நனைந்த துணி காற்றில் உலரும்போது உடம்பு குளிரும். அந்தக் குளிர்ச்சி அங்கே வேண்டியதுதான். அதே சனவரியில் ரொறன்ரோவின் சராசரி சுழியத்துக்குக் கீழே. கடுங்குளிர் பிடித்த இரவுகளில் மைனஸ் 20ஐத் தொடும். ஊரில் நன்மை செய்த அதே குளிர்ச்சி அங்கே ஆளை விறைக்க வைக்கும்.

நடப்பது இதுதான். பருத்திப் பெனியன், அதன்மேல் பருத்தி ரீ-சேர்ட், அதன்மேல் தடித்த ஹூடி, எல்லாவற்றுக்கும் மேல் வேலைக்குப் போட்டுப் போகிற ஜக்கெட். வாசலில் இருந்து புறப்படும்போது இதமாக இருக்கும். கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டும். ஜக்கெட் சிப்பைத் திறப்பார். மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்கு விழும், நிற்பார். அந்த ஒரு நிமிடத்தில் முதுகில் ஒட்டிய பெனியன் பச்சைத் தண்ணீராகக் குளிரும். தோள்பட்டையில் தொடங்கும் நடுக்கம் இடுப்பு வரை இறங்கும். மறுநாள் இன்னொரு சுவெற்றரைக் கூட்டிப் போடுவார். இன்னும் வேர்க்கும், இன்னும் குளிரும்.

குளிரைப் பார்த்து உடுப்புத் தெரிகிற வழக்கம்தான் இங்கே ஆளைக் கெடுக்கிறது. தோலில் படுகிற முதல் உடுப்பை, பேஸ் லேயர் என்று எல்லோரும் சொல்கிற அந்த உள்ளடுக்கை, வியர்வையைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். குளிரை மறிக்கிற வேலையை அதற்கு வெளியே உள்ளவை பார்த்துக்கொள்ளும்.

கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீற்றர் ஓடினால் ஏறக்குறைய 600 கிலோகலோரி செலவாகும். அதில் நாலில் மூன்று பங்கும் காலை நகர்த்தப் பயன்படாமல் வெப்பமாகவே வெளியேறும். ஓடுகிற உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ள வெளியுதவி அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்த வெப்பத்தைக் கழிக்க அது வேர்க்கும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பிலிருந்து போய்விடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான்: பானையின் சுவர் கசிந்து, கசிந்தது ஆவியாகி, உள்ளே உள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நனைந்த பருத்தி மார்போடு ஒட்டியிருக்கையில் பானையின் இடத்தில் இருப்பது நெஞ்சு. போதாக்குறைக்கு, அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால், எத்தனை தடிப்பான உடுப்பும் வெறும் பாரம்தான்.

ஈரமும் காற்றும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2021 மே 22 சாட்சி. சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றங்கரை மலைகளில் 100 கிலோமீற்றர் ஓட்டம். 172 பேர் புறப்பட்டார்கள். அரைக் காற்சட்டையும் மெல்லிய மேற்சட்டையுமாக வந்தவர்கள் அவர்களில் பலர். மதியத்தில் மலையேற்றத்தின் நடுவே ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் ஒன்றாய் வந்து அடித்தன. 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் நெடுந்தூர ஓட்டத்தில் சீனாவின் முன்னணி வீரரான லியாங் ஜிங்கும் ஒருவர். ஓர் இடையர் தாம் ஒதுங்கியிருந்த குகையில் நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். பயிற்சி பெற்ற உடம்புகள் அவை. காற்றை மறிக்கிற ஜக்கெட் கட்டாயம் என்ற விதி அந்த ஓட்டத்தில் இருக்கவில்லை. ரொறன்ரோ நடைபாதையில் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அந்த ஆபத்து இல்லைத்தான். ஆனால் கணுக்கால் பிசகி வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி நிற்க நேர்ந்தால், ஓட்டம் நின்ற அந்த நிமிடத்தில் இருந்து உடம்பு உண்டாக்கும் சூடும் வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது அவரைக் காப்பது உள்ளே இருக்கிற துணி நனைந்ததா காய்ந்ததா என்பதுதான்.

கடையில் என்ன பார்ப்பது?

துணியில் இரண்டே சாதி: செயற்கை இழை, கம்பளி. செயற்கை இழை என்றால் பொலியஸ்ரர், பொலிபுரொப்பிலீன், கொஞ்சம் நைலோன். பொலியஸ்ரர் இழை தன் எடையில் அரை வீதம் ஈரத்தைக்கூட உள்ளே எடுப்பதில்லை. பருத்தி சாதாரணக் காற்றிலேயே ஏழு எட்டு வீதம் எடுத்துவிடும், வியர்வையில் தோய்ந்தால் சொல்லவே வேண்டாம். பொலியஸ்ரருக்குத் தண்ணீர் பிடிக்காது என்றால் வியர்வை எங்கே போகும்? இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே துணியின் வெளிப்பக்கத்துக்கு ஏறி, அங்கே பரவிக் காயும். 1970களில் ஹெலி ஹான்சன் என்ற நோர்வே நிறுவனம் பொலிபுரொப்பிலீனில் உள்ளுடுப்பு நெய்தது கடலோடிகளையும் பனிச்சறுக்குகிறவர்களையும் நினைத்துத்தான். அமெரிக்கக் கால்பந்து விளையாடிய கெவின் பிளாங்க், வியர்வையில் தோய்ந்து பாரமாகிற பருத்திச் சட்டை பொறுக்க முடியாமல் 1996இல் தொடங்கிய கம்பனிதான் அண்டர் ஆர்மர்.

கம்பளி என்றதும் யாழ்ப்பாணத்தாருக்குச் சொறிகிற போர்வை நினைவு வரும். சொறிவது ரோமத்தின் தடிப்பால். 30 மைக்ரோனை எட்டும் தடித்த ரோமத்தின் நுனி வளையாமல் தோலைக் குத்தும். உள்ளுடுப்புக்கு எடுக்கிற மெரினோ ரோமம் பெரும்பாலும் 20 மைக்ரோனுக்குக் குறைவு. தோலில் பட்டவுடன் மடங்கிவிடும், குத்தாது. கம்பளியின் பெரிய வித்தை வேறு. தன் எடையில் 30 வீதம் வரை நீராவியை இழைக்குள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் என்று காட்டாது. வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். அதனால்தான் ஓடி நின்று, ஓடி நின்று போகிறவர்களுக்கு, நாயைக் கூட்டிக்கொண்டு போய் வழியில் கதைத்து நிற்கிறவர்களுக்கு, மெரினோ நல்லது. வேகமாக ஓடி ஆறாகக் கொட்டுகிறவர்களுக்குப் பொலியஸ்ரர்தான் சுறுக்காய்க் காயும். இரண்டையும் கலந்து நெய்ததும் கிடைக்கிறது. பணம் அளவாக உள்ள புதிய ஓட்டக்காரருக்குப் பொலியஸ்ரர் இரண்டு போதும். முதல் குளிர்காலத்திலேயே மெரினோவுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் ஏமாறாமல் பார்க்க வேண்டும். ‘தேர்மல்’ என்று பெட்டியில் எழுதி மலிவாக விற்கிற உள்ளுடுப்புகளில் நல்லபகுதி பருத்தி. தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டமாக நெய்திருக்கும், தொட்டால் மெத்தென்றிருக்கும். பஸ் தரிப்பில் நிற்க, இரவில் படுக்க அது நல்லது. ஓட உதவாது. பெட்டியின் முகப்பை விட்டுவிட்டு, கழுத்துக்குப் பின்னாலோ இடுப்புத் தையலிலோ உள்ள சின்னச் சீட்டைப் பிரட்டிப் பார்க்க வேண்டும். பருத்தி 60 வீதம் என்று இருந்தால் வைத்துவிட்டு வரலாம். அந்தச் சீட்டில் ‘இலங்கையில் தயாரிக்கப்பட்டது’ என்று இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. உலகின் பெரிய விளையாட்டு ஆடை நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கிற மாஸ் ஹோல்டிங்சின் தொழிற்சாலைகள் கிளிநொச்சியிலும் இருக்கின்றன.

வீட்டில் உள்ள பழைய உடுப்பைச் சோதிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பருத்திப் பெனியனின் மேல் விட்டால் உடனே குடித்து, ஒரு கரும்பொட்டாகி அங்கேயே நிற்கும். அரை மணி கழித்துத் தொட்டாலும் குளிரும். நல்ல பொலியஸ்ரர் உள்ளுடுப்பை உட்பக்கம் வெளியே வரப் பிரட்டி அதே சொட்டை விட்டால், அது கைவிரல் அகலத்துக்குப் பரவி, மறுபக்கத்தில் தெரிந்து, சிறிது நேரத்தில் தேடினாலும் கிடைக்காது. மெரினோவில் அந்தச் சொட்டு முதலில் முத்தாக நின்று யோசிக்கும், பிறகு மெல்ல இறங்கும். வாங்கிய உடுப்பு சொன்ன வேலையைச் செய்யுமா என்று தெரிய இதைவிட எளிய வழி இல்லை.

தடிப்பைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவார்கள். 150 மெல்லியது, 200 நடுத்தரம், 250க்கு மேல் தடிப்பு. ஓடுவதற்கு மெல்லியதே பெரும்பாலும் போதும் என்றால் ஊரில் இருந்து வந்தவர்கள் நம்பமாட்டார்கள். 250ஐ எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது கிலோமீற்றரில் தவிப்பார்கள். வெளியே உள்ள வெப்பநிலையைவிடப் பத்துப் பாகை கூட என்று நினைத்து உடுத்தச் சொல்வார்கள் பழகிய ஓட்டக்காரர்கள். மைனஸ் 2 என்றால் 8க்கு ஏற்ற உடுப்பு. முதல் பத்து நிமிடம் குளிரத்தான் வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் ஒரு உடுப்புக் கூடிப்போய்விட்டது. ஐந்து, ஆறு பாகையில் மெல்லிய நீளக்கை உள்ளடுக்கு ஒன்றே பலருக்குக் காணும். சுழியத்தைச் சுற்றி அதன்மேல் காற்றை மறிக்கும் மெல்லிய ஜக்கெட். மைனஸ் 10க்குக் கீழே நடுவில் இன்னொரு உடுப்பு. காற்றின் கடுமையையும் சேர்த்துக் கனடா வானிலைத் துறை சொல்கிற குளிர் அளவு மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம். அன்றைக்கு ஜிம்முக்குள் ஓடுவதே சரி. ஓடுகிறவர் தானே மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகக் காற்றை முகத்துக்கு நேரே உண்டாக்கிக்கொண்டு போகிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

அளவு விஷயத்தில் வெட்கம் பார்க்கக் கூடாது. உள்ளடுக்கு உடம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். தோலைத் தொடாத துணி வியர்வையை எடுக்காது. இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், மடிப்பும் விழ வேண்டாம். உடம்பு தெரிகிறதே என்று கூசுகிறவர்கள் மேலே தளர்ந்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. தையல் தட்டையாக இருக்கிறதா என்று அக்குள் பக்கம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புடைத்த தையல் பத்தாவது கிலோமீற்றரில் தோலை உரிக்கும். பெண்களுக்கு உண்மையில் முதல் அடுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா. விலை கூடிய மெரினோவை மேலே போட்டு, உள்ளே பருத்திப் பிராவோடு ஓடினால் நெஞ்சின் நடுவே ஈரம் தேங்கி நிற்கும். இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, சொல்லத்தான் வேண்டும்.

நம்மவர்கள் மேலுக்கு நாலு போட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே ஒரு ட்ராக் பாண்ட்டோடு புறப்படுவார்கள். 1977இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழான ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ ஒரு கடிதத்தை வெளியிட்டது. எழுதியவர் மருத்துவர், வயது 53. மைனஸ் 8 பாகையில், கடுங்காற்றில் ஓடப் போயிருந்தார். மேலே ரீ-சேர்ட், சேர்ட், கம்பளி சுவெற்றர், நைலோன் ஜக்கெட், கைக்குக் கையுறை. கீழே மெல்லிய உள்ளாடையும் பொலியஸ்ரர் காற்சட்டையும். அரை மணி நேரத்தில் ஆணுறுப்பில் உறைபனிப் பாதிப்பின் வலி தொடங்கிவிட்டது. நல்லகாலம், உடனே வீட்டுக்குப் போய்ச் சூடுபடுத்தித் தப்பினார். முன்பக்கம் காற்றை மறிக்கும் துணி வைத்துத் தைத்த உள்ளாடைகளும் ரைட்சும் இப்போது கிடைக்கின்றன. மைனஸ் ஐந்துக்குக் கீழே ஆண்கள் அதைப் போட்டுத்தான் ஓட வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் காலுக்குத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும். நரம்பு மரத்த பாதத்துக்கு உறைவது தெரியாது, வலிக்காது. பருத்திக் காலுறையைத் தூக்கி வைத்துவிட்டுக் கம்பளிக் காலுறை போடுவதும், வந்ததும் விரல்களை வெளிச்சத்தில் பார்ப்பதும் அவர்களுக்குக் கட்டாயம். முட்டு உள்ளவர்கள் வாயை மூடி மவ்ளர் கட்டட்டும். குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். மார்கழிப் பனிக்குக் காதோடு மவ்ளர் சுற்றுகிற ஊர்ப்பழக்கம் இங்கே நன்றாகவே உதவும்.

பொலியஸ்ரருக்கு ஒரு குறை உண்டு, மணம். 2014இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களுடைய சட்டைகளை ஒரு நாள் வைத்திருந்து மணந்து பார்க்கச் செய்தார்கள். பருத்தியைவிடப் பொலியஸ்ரர் மோசமாக மணத்தது. நாற்றத்தை உண்டாக்கும் மைக்ரோகொக்கஸ் நுண்ணுயிர்கள் பொலியஸ்ரரில் நன்றாகப் பெருகியிருந்தன. ஆகவே பொலியஸ்ரரை ஓடி வந்த அன்றே அலச வேண்டும். மெரினோவை இரண்டு மூன்று ஓட்டத்துக்குக் காற்றாட விட்டுப் போடலாம். இரண்டுக்கும் துணி மென்மையாக்கும் திரவம் ஆகாது. அது இழையில் படிந்து, ஈரம் ஏறுகிற வழியை அடைத்துவிடும். மெரினோவை ட்ரையரில் போட்டால் அடுத்த முறை அது பிள்ளைக்குத்தான் அளவாக இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோப் பள்ளிக்கூடங்களில் கிரொஸ் கன்ட்ரி ஓட்டம் செப்டெம்பரில் தொடங்கி நவம்பர் வரை போகும். மழைத் தூறல், சேறு, நாலைந்து பாகைக் குளிர். பள்ளிக்கூடம் கொடுக்கிற கையில்லாச் சட்டைக்கு உள்ளே குளிருமே என்று அம்மா ஒரு பருத்தி நீளக்கையைப் போட்டு அனுப்புவார். அதைவிட மெல்லிய பொலியஸ்ரர் உள்ளடுக்கு ஒன்று போதும். ஓட்டம் இருபது நிமிடம், அதற்காகக் காத்து நிற்பது இரண்டு மணி நேரம். ஆகவே புறப்படும் நிமிடம் வரை ஜக்கெட் மேலே இருக்கட்டும். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் படம் எடுக்க நிற்க வைக்காமல், நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததைப் போட வைக்க வேண்டும். பையில் வைத்துவிட வேண்டியது மாற்று உள்ளுடுப்பு, காய்ந்த காலுறை, காதை மூடும் தொப்பி, சூடான தேத்தண்ணி ஒரு பிளாஸ்க்.